நாற்பத்தொன்றாம் பார்

பகலில் தல்லாகுளம் மின்வாரிய ஆபீஸில் ரசீது போடுவேன்.
அந்த நான்கு சாயங்காலம் மட்டும்
பியானோவுக்கு இடப்பக்கம் ஒரு முக்காலி,
பக்கம் திருப்புகிறவள்.

பூ வைக்காமல் வா என்றார்கள்.
பின்லாந்திலிருந்து வந்திருந்த இல்மாவுக்கு
மல்லிகை வாசம் நெற்றிப்பொட்டில் குத்துமாம்.
மதுரைக்கு வந்து.
ஹாலின் முதல் நான்கு வரிசை
தலைக்கு ஒரு முழத்தோடு உட்கார்ந்திருந்தது.
ஒரு தும்மலை விழுங்கிவிட்டுத்தான்
இருக்கையின் திருகை ஏற்றினாள் இல்மா.

கொழும்பு சிவதர்ஷனின் செலோ
எழும்பூரிலிருந்து தனி சீட்டில் வந்தது.
பட்டியலில் பெயர் செல்லம், வயது அறுபத்திரண்டு,
பெண்.
டிடிஆர் எட்டிப் பார்த்துவிட்டு
'அம்மா தூங்கட்டும்' என்று போனாராம்.

கடைசி நாள் ஆடி வெள்ளி.
அரசரடி மாரியம்மன் கோயில் குழாயை
எங்கள் ஜன்னலைப் பார்த்தே கட்டியிருந்தார்கள்.
ஏழிலிருந்து எட்டேகால்வரை நிறுத்தித் தர
சவுண்டு சர்வீஸ் ஒச்சப்பன் காசு கேட்கவில்லை,
ஒரு நாற்காலி கேட்டார்.
வந்து மேடையைச் சுற்றினார்,
பியானோவுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.
'மைக்கு?'
இல்லை.
'பாக்ஸு?'
இல்லை.
'அப்ப கடைசி வரிசைக்காரன் என்னம்மா பாவம் பண்ணான்?'

தளவாய் அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தார்,
பாளையங்கோட்டையில் பிறந்து
ராட்டர்டாம் மழைக்குள் உட்கார்ந்து எழுதுகிறவர்.
ஐந்து பேருக்கு, இருபத்திரண்டு நிமிடத்துக்கு எழுதியிருந்தார்.

ஒத்திகையில் இல்மா நிறுத்தினாள்.
நாற்பத்தொன்றாம் பார், இடது கை:
ஃபாவா, ஃபா ஷார்ப்பா?
தளவாய் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்,
போட்டுப் பார்த்தார்.
ஷார்ப் என்றார்.
டீ டம்ளரைக் கீழே வைக்கும்போது,
இல்லை, வெறும் ஃபாதான், காப்பி எடுத்தவன் தப்பு என்றார்.
மெஸ்ஸுக்குப் போகும் ஆட்டோவில்
நாற்பத்தொன்றாம் பார், நாற்பத்தொன்றாம் பார் என்று முனக,
'பன்னெண்டுக்குத்தான் சார் திறப்பாங்க' என்றார் டிரைவர்.
ரசத்துக்கு முன்னால் மறுபடி ஷார்ப்.
அந்த ஒற்றைப் புள்ளியைச் சுற்றி
இல்மாவின் பென்சில் மூன்று வட்டம் போட்டிருந்தது.
ஆறே முக்காலுக்கு, மேடைப் படியில்,
'எனக்கே தெரியவில்லை' என்றார்,
பெண் பார்க்கப் போன இடத்தில்
பேச்சு மறந்தவரைப் போல.

நாற்பத்தொன்று, பக்கத்தின் மறுபுறம்.

முப்பத்தெட்டில் எழுந்தேன்.
முப்பத்தொன்பதில் மூலையைப் பிடித்தேன்.
இல்மா தலையசைக்கவில்லை, தாடை மட்டும்.
திருப்பினேன்.
இடது கை உயர்ந்தது,
உயர்ந்த இடத்திலேயே நின்றது.
நான்கு வில்லும் நின்றன.
யாரும் பேசிவைக்கவில்லை.
ஒரு மூச்சு, இரண்டாகக்கூட இருக்கலாம்.
எங்கோ ஒரு கைப்பையின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது.
மூன்றாம் வரிசையில் தளவாய்
மாத்திரைக்குத் திறந்த வாயை மூடவில்லை.
பிறகு நாற்பத்திரண்டு.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே ஒச்சப்பன் சொன்னார்:
'எல்லாம் சரிதான்.
நடுவுல ஒரு செகண்டு கரண்டு போய்ட்டு வந்துச்சு பாருங்க,
அங்கதான் புல்லரிச்சுப் போச்சு.'

கரண்டு போகவில்லை.
நான் அந்த ஆபீஸ்தான், எனக்குத் தெரியாதா.
சொல்லவில்லை.
அவர் தெருவைக் கடந்து போய் சுவிட்சைப் போட
ஏழு மணிக்கு நிறுத்திய சொல்லின்
மிச்சப் பாதியிலிருந்து
அம்மன் பாட்டு தொடங்கியது.

மறுநாள் ஜங்ஷனில்
தளவாய் ரப்பர் கேட்டார்.
என்னிடம் ஆபீஸ் பால்பாயிண்ட்தான் இருந்தது, நீலம்.
பரவாயில்லை என்று வாங்கி
பெட்டிமேல் தாளை வைத்து
மூன்று வட்டத்தின் மேலேயே
மௌனத்துக்கான அந்தச் சின்னக் கொக்கியை அழுத்திப் போட்டார்.
வழியனுப்ப வந்த யாரோ
இல்மாவின் கையில் இரண்டு முழம் திணித்திருந்தார்கள்.
வண்டி நகர்ந்த பிறகும்
தும்மல் கேட்டது.

பேனா திரும்பி வரவில்லை.